காசோலையில் யாருடைய பெயர்?



விவசாயிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டால் நாம் சந்தோஷப்படுகிறோம். எத்தனை கோடி என்றும் விசாரிக்கிறோம். ஆனால் அந்தப் பணம் கடைசியில் யாருடைய கையில் போய்ச் சேருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றை இம்மாதம் பார்ப்போம்.

ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கே பொயின்செட் என்றொரு கிராமப்புற மாவட்டம் இருக்கிறது. 1930களில் அங்கு பருத்திதான் சீவியம். நிலம் பெரும் பண்ணைக்காரர்களுடையது. உழுவது, விதைப்பது, பருத்தி எடுப்பது எல்லாம் வாரக்குடிகளின் வேலை. கறுப்பர், வெள்ளையர் என்ற பேதமின்றி இருசாராரும் அப்படி உழைத்தார்கள். விளைச்சலில் பங்கைக் கொடுத்து, பட்ட கடனையும் கழித்து, மிஞ்சியதைக் கொண்டு குடும்பம் நடத்தினார்கள். 1932இல் ஓர் இறாத்தல் பருத்தியின் விலை ஆறு சதமளவுக்கு இறங்கியது.

1933 மே மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும்; குறைப்பவருக்கு அரசாங்கம் பணம் தரும். அவ்வருடம் முளைத்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கர் உழுது அழிக்கப்பட்டது. பயிரை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் அதை மிதிக்க மறுத்தன என்று அக்காலத்தவர் சொல்லிக்கொண்டார்கள்.

விலை ஏறியது உண்மை. 1934இல் அது 12 சதத்தைத் தொட்டது. ஆனால் மானியத்தின் கதை வேறு. 1934இல் விளைவிக்காமல் விட்ட ஒவ்வோர் இறாத்தலுக்கும் அரசாங்கம் கொடுத்தது நாலரைச் சதம். அதில் நாலு சதம் நிலத்துக்காரருக்கு, அரைச் சதம் வாரக்குடிக்கு. காசோலையோ நிலத்துக்காரரின் பெயருக்கே வந்தது. அந்த அரைச் சதமும் பலருக்குக் கிடைக்கவில்லை.

அதோடு போகவில்லை. பயிரிடும் நிலம் குறைந்தால் ஆளும் குறையலாம் அல்லவா? "இயன்றவரை" குடிகளை வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. குடும்பங்கள் சட்டிபானையோடு தெருவுக்கு வந்தன.

1934 ஜூலையில் அம்மாவட்டத்து டைரோன்சா என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினார்கள். வெள்ளையர் 11 பேர், கறுப்பர் 7 பேர். இனப்பிரிவினை கொடிகட்டிப் பறந்த அந்நாட்டிலே அவர்கள் ஒரே சங்கமாக இணைந்தார்கள். குடிகளை வெளியேற்றக்கூடாது என்று வாதாடிய விவசாயத் திணைக்களத்துச் சட்டத்தரணிகள் சிலரோ, 1935 பெப்ரவரியில் பதவி இழந்தார்கள்.

இன்று பொயின்செட்டில் நெல் பெருவாரியாக விளைகிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் 100 இறாத்தல் நெல்லுக்கு 14 டொலரை அடிப்படை விலையாக வைத்தது. 2025இல் அது 16.90 ஆக உயர்த்தப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் அரசாங்கம் ஈடுசெய்யும். பணக் குத்தகைக்குச் செய்பவருக்கே அப்பணம் உரியது என்கிறது சட்டம். ஆனால் கணக்குப் பார்ப்பது நிலத்தின் பழைய பதிவை வைத்து. ஆகவே மானியமுள்ள காணிக்குக் குத்தகையும் கூடுகிறது. ஒரு பங்கு மறுபடியும் காணிக்காரரிடமே போகிறது.

மானியம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விலை விழும்போது உழவனைத் தாங்காத நாடு பட்டினி கிடக்கும். ஆனால் தண்ணீர் பள்ளத்தை நாடுவதுபோல, நிலத்தோடு கட்டிய பணம் நிலத்துக்காரரையே நாடும். ஆகையால் அடுத்த முறை மானியச் செய்தி காதில் விழுந்தால், தொகையைக் கேட்கும் முன் காசோலையில் யாருடைய பெயர் என்று கேளுங்கள்.