ஈரத்தகடும் சயனைடும்: யாருடைய பொறுமை?

சாம்பியன் ரீப்ஸில் நிற்கும் சயனைட் மேடுகள், பொடியாக்கப்பட்ட பாறையிலிருந்து தங்கம் பிரித்தெடுக்கப்பட்டபின் எஞ்சிய மணல். தங்கத்தைக் கரைத்துத் தரும் அதே சயனைட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படக் கூடாரத்திலும் இருந்தது. ஒளிபடாத வெள்ளி உப்பை அது கரைத்து நீக்கியபின்னரே ஈரத்தகட்டில் உருவம் தெளிந்தது.

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட இம்முறையில் கண்ணாடியின்மேல் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உருத்துலக்க வேண்டும். கிடைப்பது சில நிமிடங்களே. வெயில் நாட்டில் அதுவும் குறையும். ஆகவே இருட்டறை ஒளிப்படக்காரருடனேயே பயணம் செய்தாக வேண்டும். இன்று இக்கலையை மீட்டெடுப்போர் போற்றும் பொறுமை இதுவே. அப்போற்றுதல் நியாயமானது, ஆனால் முழுமையானதன்று.

1863 முதல் 1866 வரை சாமுவேல் போர்ன் இமயத்தில் மேற்கொண்ட மூன்று பயணங்களை எண்ணிப் பார்க்கலாம். கண்ணாடித் தகடுகளையும் திரவப் புட்டிகளையும் கூடாரத்தையும் மலையேற்றியவர்கள் சுமையாளர்கள். அவர்கள் சுமையை விட்டு ஓடியதைப் போர்ன் தம் குறிப்புகளில் சினத்துடன் பதிந்தார். படங்களோ அவர் பெயரை மட்டுமே தாங்குகின்றன. பொறுமை பலருடையது, புகழ் ஒருவருடையது.

கோலார் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பணியைத் தொடங்கியபோது, உலர்தகடு வந்து ஈரத்தகட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கருவி மாறியது, கணக்கு மாறவில்லை. வடாற்காட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், பெரும்பாலும் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கி உழைத்தனர். வரலாறு நிறுவனத்தின் பெயரை நினைவில் வைத்தது.

எனவே, பழைய ஒளிப்படங்களை ஆய்வோர் 'எடுத்தவர் யார்' என்பதோடு நிறுத்துவது போதாது. சுமந்தவர் யார், அசையாது நின்றவர் யார் என்னும் வினாக்களுக்கும் ஆவணப் பட்டியலில் இடம் வேண்டும். விடை கிடைக்காவிடில், அந்த வெற்றிடமே ஒரு செய்தியாகப் பதியப்பட வேண்டும்.

தங்கவயலில் இவ்வினாவுக்கு இன்னும் விடை கிடைக்கும். சுரங்கம் மூடப்பட்டது 2001இல்தான். அங்கே உழைத்தவர்கள் பலர் முதுமையில் வாழ்கிறார்கள். குடும்பங்களிடம் எஞ்சிய குழுப்படங்களில் உள்ள முகங்களை அவர்களால் அடையாளம் காட்ட முடியும். அப்படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதிவைக்கும் பணிக்கு வெள்ளி நைட்ரேட் தேவையில்லை, பொறுமை தேவை. அதற்கான அவகாசமும், ஈரத்தகட்டைப் போலவே, உலர்ந்துகொண்டிருக்கிறது.