நெருக்கத்திலிருந்து கூப்பிடும் பெயர்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஒரு சகோதரி எழுதியது. அவர் கணவர் எட்டு மாதம் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். சபையே உபவாசமிருந்து ஜெபித்திருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் 'இரட்சகரே' என்று பாடும்போது எனக்கு மட்டும் நாக்கு எழவில்லை. காப்பாற்றாதவரைக் காப்பாற்றுகிறவர் என்று கூப்பிட்டால் அது பொய்யாகாதா, ஐயா?" என்று கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் இதழுக்கென்று எழுதிவைத்திருந்த வாழ்த்தை எடுத்துவிட்டேன். இந்தக் கேள்வி இருக்க வேண்டிய பக்கம் இது.

சகோதரி, நீங்கள் நிற்கிற இடத்தில் உங்களுக்கு முன்பே ஒருவர் நின்றிருக்கிறார். 88-ஆம் சங்கீதத்தைப் பாடியவர் அவர். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி, நடுவில் எங்கோ திரும்பி, துதியில் போய் முடியும். இந்தச் சங்கீதம் திரும்புவதே இல்லை. இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் வரவில்லை. சிநேகிதரும் விலகிப்போய்விட்டார்கள். எபிரெய மூலத்தில் பாட்டின் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படிப்பட்ட பாட்டின் முதல் வரியில் அந்த மனிதர் கடவுளை எப்படி அழைக்கிறார் தெரியுமா? தன் இரட்சிப்பின் தேவன் என்று. சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஆறுதலாக ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்காமல் விட்டார்களே, அந்த நேர்மைக்கு நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஆபத்து நீங்கிய பிறகு நன்றியாகச் சூட்டுகிற பட்டம் என்றுதான் 'இரட்சகர்' என்ற சொல்லை நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படிச் சூட்டிய இடங்களும் வேதத்தில் உண்டு. செங்கடலைக் கடந்து கரையேறியவர்கள் பாடியது அதைத்தான். ஆனால் தண்ணீர் இன்னும் வடியாத நேரத்தில் கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அத்திமரம் துளிர்க்காமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடும் இல்லாமல் நின்றபோதுதான் ஆபகூக் அந்தப் பெயரைச் சொன்னார். பனை ஓலை பிடித்துக்கொண்டு நாம் பாடுகிற 'ஓசன்னா'கூட முதலில் துதி அல்ல. "இரட்சியும், தயவுசெய்து" என்ற கெஞ்சல் அது. 118-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. காலப்போக்கில் அலறலே ஆரவாரமாகிவிட்டது.

அதே சங்கீதத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு இடமும் உண்டு. பாடுகிறவர் ஒரு நெருக்கமான இடத்திலிருந்து கூப்பிடுகிறார். கடவுள் அவரை விசாலமான இடத்தில் கொண்டுவந்து விடுகிறார். துன்பத்துக்கு எபிரெயர் எடுத்துக்கொண்ட சொல் இடுக்கமான இடத்தைக் குறிப்பது. நமக்கும் இது புதிதல்ல. நெருக்கடி என்கிறோம், மூச்சு முட்டுகிறது என்கிறோம். கடன்காரன் வாசலில் நிற்கும்போதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவு முழுக்கக் காத்திருக்கும்போதும் உலகம் எவ்வளவு சின்னதாகிவிடுகிறது! அந்த இடுக்கில் மூச்சுவிட ஒரு வெளியைத் திறக்கிறவர் என்பது 'இரட்சகர்' என்ற பெயரின் ஆழத்தில் இருக்கிறது. இயேசு என்ற பெயரும், அதற்கு மூலமான யோசுவா என்ற பெயரும் சொல்வது, 'கர்த்தர் இரட்சிக்கிறார்' என்பதைத்தான்.

லூக்கா சுவிசேஷத்தில் இரட்சகர் என்ற சொல்லை முதலில் சொல்வது மரியாள். வயிற்றில் பிள்ளை, வெளியே எதுவும் மாறவில்லை. ஏரோது அரியணையில் இருக்கிறான், அவனுக்கு மேலே அகுஸ்து ராயன். அந்தக் காலத்தில் இந்தப் பட்டம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் பிரியேனே என்ற பழைய நகரத்தில் கி.மு. 9-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அது அகுஸ்துவை இரட்சகர் என்கிறது, அவன் பிறந்தநாளை உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கம் என்கிறது. அதே ராயன் போட்ட குடிமதிப்புக் கட்டளையில் தொடங்கி, இரட்சகர் பிறந்த செய்தியை வயல்வெளியில் ராக்காவல் காத்த மேய்ப்பர்களுக்குச் சொல்ல வைக்கிறார் லூக்கா. எவ்வளவு துணிச்சல்!

"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு சொல்வது லூக்காவில் நான்கு இடங்களில் வருகிறது. பாவி என்று ஊர் ஒதுக்கிய பெண்ணிடம், பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கில் கிடந்தவளிடம், சமாரிய குஷ்டரோகியிடம், எரிகோவின் குருடனிடம். நான்கு இடத்திலும் கிரேக்கச் சொற்கள் ஒன்றேதான். மன்னிப்பும் சுகமும் அங்கே ஒரே வினைச்சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆத்துமாவை மட்டும் பிரித்தெடுத்துப் பரலோகத்துக்கு அனுப்புகிற வேலையாக இரட்சிப்பைச் சுருக்கிவிடுகிற பிரசங்கங்களைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் இதைச் சொன்னால் உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அது எனக்குத் தெரியும். உதிரப்போக்கில் கிடந்தவளுக்குக் கிடைத்த சுகம் என் வீட்டுக்கு ஏன் வரவில்லை? சிலுவையின் அடியில் கேட்கப்பட்டதும் இந்தக் கேள்வியின் சாயல்தான். மற்றவர்களை இரட்சித்தானே, தன்னை இரட்சித்துக்கொள்ளட்டும் என்று அதிகாரிகள் ஏளனம் செய்தார்கள், சேவகர்கள் செய்தார்கள், பக்கத்தில் தொங்கிய ஒருவனும் செய்தான். மூன்று முறை கேட்டும் அவர் இறங்கி வரவில்லை. இன்னொருவன் தன்னை இறக்கிவிடும்படி கேட்கவில்லை. நினைத்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டான்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் திருவிவிலியத்தில் 'மீட்பர்' என்கிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பிலும் யோபு சொல்வது அந்தச் சொல்லைத்தான். அடகு வைத்த வளையலை மீட்டுவந்த நாளில் என் அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அந்தச் சொல்மீது தனிப் பிரியம். லேவியராகமத்தில் கைவிட்டுப்போன நிலத்தையும், அடிமையாக விற்கப்பட்ட உறவினரையும் விலை கொடுத்து மீட்பவர் நெருங்கிய சொந்தக்காரர். தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னும் பழைய வேர் உண்டு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. அப்படி மீட்கப்போய் விழுந்தவர்களுக்கு நட்ட கற்கள் செங்கம் பக்கத்திலும் தருமபுரி பக்கத்திலும் இன்னும் நிற்கின்றன. மந்தை வீடு திரும்பியது, மீட்டவன் திரும்பவில்லை. சிலுவையைத் தமிழில் நினைக்கும்போது எனக்கு அந்தக் கற்கள் நினைவுக்கு வரும்.

உங்கள் கணவர் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, சகோதரி. பதில் இருப்பதுபோல உங்களிடம் பேசியவர்களை மன்னித்துவிடுங்கள். நாக்கு எழாத ஞாயிறுகளில் சும்மா உட்கார்ந்திருங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும். வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு கட்டுவது ஒவ்வொரு வருடமும் அவர்தான் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் கட்ட மனம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ராத்திரியில் 88-ஆம் சங்கீதத்தை மட்டும் எடுத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். இருளில் முடிகிறதே என்று அடுத்த சங்கீதத்துக்கு அவசரமாகப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்