எண்ணூர்க் கடலில் குப்பி வேண்டாம்

2010இல் பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே, மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் குப்பிகளை மேலே கொண்டுவந்தார்கள். சுமார் 170 ஆண்டுகள் பால்டிக்கின் குளிரிலும் இருட்டிலும் கிடந்தவை. ரம்மையும் ஜின்னையும் முதிரவைக்க வேண்டுமென்றே கடலடியில் இறக்கிவைக்கும் ஆசைக்கு அதன்பின் வேகம் கூடியது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சாராயத்தைப் பக்குவப்படுத்துவது மரமும், மரத்தின் வழியே மெல்லப் புகும் காற்றும்தான். இலங்கையின் தென்னஞ்சாராயம் ஹல்மில்ல மரத்தொட்டிகளில் அப்படித்தான் முதிர்கிறது. இறுக அடைத்த கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டுமே இல்லை. ஜின்னோ ஜூனிபர் காயின் வாசத்தால் நிற்பது, பெரும்பாலும் முதிரவைக்காமலே விற்பது.

கோவாவில் கிராஃப்ட் ஜின் வடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் யாரேனும் நம் வடசென்னைக் கடலில் சோதனை செய்யலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். எங்கள் கடல் வெதுவெதுப்பானது என்பது சிறிய காரணம்; பெரிய காரணம் மாசு. 2017 ஜனவரியில் இங்கே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் இங்குள்ள ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் இன்னும் படிந்து கிடக்கிறது. கடலடியில் முதலீடு செய்யப் பணம் உள்ளவர்களே, அந்தச் சாம்பலை அள்ளும்படி கேட்கும் மீனவர்களோடு முதலில் நில்லுங்கள்.