சூத்திரமும் நிரலும்

தமிழ் பயிலும் மாணவர்க்குக் கணினி நிரல் எற்றுக்கு என வினவுவார் நம் கல்லூரியிற் பலர். இலக்கணத்தை ஐயமறக் கற்க விழைவார்க்கு அதனினும் சிறந்த உரைகல் இல்லையென்பது எமது துணிபு. இதனை ஊர்ப்பெயர் சிலவற்றைக் கொண்டே நிறுவப் புகுகின்றோம்.

வண்டலூரினின்று வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளை அடையுமுன் உள்ளது படப்பை. பண்டைத் தமிழில் இச்சொல் தோட்டத்தைக் குறிக்கும். நமக்கு அஃது ப, ட, ப், பை என நான்கு எழுத்து. யூனிகோடு முறையிற் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனி எண் பெறுதலின், கணினிக்கு அஃது ஆறு குறியெண். அச்சொல்லை ஈற்றினின்று முதலாகத் திருப்புக என வாளா பணித்தால், ஐகாரக் குறி தான் சார்தற்கு மெய்யின்றி முதற்கண் வந்து நிற்கும். எழுத்து இன்னதென வரையறுத்த பின்னரே 'பைப்டப' என்னும் செவ்விய விடை கிடைக்கும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தை முதற்கண் வைத்த முறைமையின் பொருள் எமக்கு அன்றுதான் விளங்கிற்று.

இனி, நிபந்தனையைக் காண்போம். சார்புமுறை நிரலாக்கத்தில் ஒவ்வொரு சார்பும் ஒரு சொல்லைப் பெற்று, அதனைச் சிதையாது, புதுச்சொல் ஒன்றை விடையாகத் தரும். அதே சொல்லை எத்துணை முறை தரினும் விடை மாறாது. 1990-ஆம் ஆண்டிற் தோன்றிய ஹாஸ்கெல் மொழியில் நிபந்தனைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதலாம். மேலிருந்து நோக்குங்கால் முதலிற் பொருந்துவதே கொள்ளப்படும். இது சூத்திரங்களை நிரல்பட வைக்கும் முறையன்றோ?

ஊர்ப்பெயர்களோடு 'இல்' உருபைச் சேர்க்கும் சார்பொன்றை யாம் எழுதினோம். மகர ஈறாயின் அத்துச் சாரியை பெற்று 'ஒரகடத்தில்' ஆம். வண்டலூர் போலப் பிறமெய் ஈறாயின் உருபு நேரே வந்தேறும். இ, ஈ, ஐ ஈறாயின் யகர உடம்படுமெய் பெற்றுப் 'படப்பையில்' ஆம். பிறவுயிர் ஈறாயின் வகரம் பெற்றுக் 'கோவாவில்' ஆம். இவ்வளவில் அமைந்து, செங்கல்பட்டைக் கொடுத்தோம். கணினி 'செங்கல்பட்டுவில்' என்றது! குற்றியலுகரத்தை யாம் மறந்திருந்தோம். பின்னர் அதனைச் சேர்த்தும் பிழை தீர்ந்திலது. பொதுவிதிக்குக் கீழே வைத்தமையின் கணினி அதனைச் சென்றடையவேயில்லை. மேலே வைத்த பின்னரே 'செங்கல்பட்டில்' வந்தது. காசு, பசு என்பன ஒரே எழுத்தான் முடியினும், 'காசில்', 'பசுவில்' என வேறுபடுதலின், முன்னெழுத்தின் நெடுமை குறுமையையும் வினவ வேண்டியதாயிற்று. இவ்விதிகளைத் தேர்விற் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றவர் யாமே. ஒப்பித்தல் வேறு, அறிதல் வேறு என்பதைக் கணினி எமக்கு உணர்த்திற்று.

இவை பொறியியலார் செய்தற்குரியன. நமக்குச் சங்கநூல் பயிலவே காலம் போதாது என்பாருமுளர். காலம் அரிதென்பது மெய்யே. ஆயினும், குற்றியலுகரம் அறியாதார் எழுதும் நிரலிற் பிழை நேர்ந்தால், அப்பிழை ஒருவர் ஏட்டோடு நில்லாது, அந்நிரலைக் கையாளும் அனைவர் எழுத்திலும் புகும். தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியபோது, சீகன்பால்கு ஐயர் அச்சுப்பொறியை அறிந்தாரோடு அமையவில்லை, தமிழையும் கற்றார். பொறியும் மொழியும் ஒருங்கு அறிந்தாரே அன்றும் வேண்டப்பட்டனர். நம் காலத்தும் முத்து அண்ணாமலை என்பார் 'எழில்' என்னும் நிரல்மொழியைத் தமிழ்ச் சொற்களால் ஆக்கியுள்ளார்.

ஆதலின், ஆனர்ஸ் வகுப்பிற்கு வாரம் ஒரு மணிநேரம் இப்பயிற்சி அளிக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். கணினித்துறை மாணவர் நிரலெழுதக் கற்பிக்கட்டும். நாம் அவர்க்குப் புணர்ச்சி கற்பிப்போம். இரு சாரார்க்கும் அஃது ஊதியமேயாம்.