டேட்டாஷீட் இல்லாத சிப்பும் தப்கீர் கல்லி பையனும்

மகனுடைய நிண்டெண்டோ ஸ்விட்ச் போன மாதம் செத்துப்போனது. சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு டாக்கில் மாட்டினான், அவ்வளவுதான், சார்ஜ் ஏறவில்லை. "இனிமேலாவது படிக்கட்டும், விடுங்க" என்றார் தங்கமணி.

ஆபீசில் பக்கத்து சீட் நண்பரிடம் புலம்பினேன். கோவில்பட்டிக்காரர். "புதுசு வாங்கிடுங்க பாஸ். அடுத்தவன் செஞ்ச சிப்பை நோண்டி, எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கிறது ஒரு வகையில திருட்டுதானே?" என்றார். பதினைந்து வருஷமாகச் சிப்புகளோடு குப்பை கொட்டுகிற எனக்குச் சுருக்கென்றது. அங்கே வராத பதில் வீட்டுக்கு வந்தபிறகுதான் வந்தது.

2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சுக்குள் மின்சாரத்தைக் கவனித்துக்கொள்வது ஒரு சிப் இல்லை, ஒரு கூட்டுக்குடும்பம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் பிக்யூ24193 பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். மேக்சிமின் மேக்ஸ்77620 ப்ராசசருக்கும் மெமரிக்கும் அளந்து பரிமாறும். ரோம் நிறுவனத்தின் எம்92டி36 வாசலில் நிற்கும். யூஎஸ்பி-சி வழியே சார்ஜரோடு பேசி, 5 வோல்ட்டா 15 வோல்ட்டா என்று முடிவு செய்வது அதுதான். பிக்யூ24193-இன் டேட்டாஷீட்டை யாரும் இறக்கிக்கொள்ளலாம். வாசல்காரருக்குப் பொதுவில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் அடிக்கடி அடிபடுகிறவர் அவர்தான்!

2018 மார்ச்சில் ஸ்விட்சுக்கு 5.0 மென்பொருள் வந்தபோது, வேறு நிறுவன டாக்குகளில் மாட்டிய பல ஸ்விட்சுகள் செத்தன. ஆர்வலர்கள் அளந்து பார்த்தார்கள். 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத காலில் ஒரு டாக் 9 வோல்ட் அனுப்புகிறது என்றார்கள். நோண்டினவர்கள் இல்லையென்றால் இது வெளியே வந்திருக்குமா, சொல்லுங்கள்.

அப்படி என்னதான் நோண்டுகிறார்கள்? நல்ல போர்டு ஒன்று, செத்த போர்டு ஒன்று. மல்டிமீட்டரை டயோட் மோடில் வைத்துக் கால் காலாக ஒப்பிட வேண்டும். ஐ2சி என்கிற இரண்டு கம்பிகளில் சிப்புகள் பேசிக்கொள்வதை லாஜிக் அனலைசர் வைத்து ஒட்டுக்கேட்க வேண்டும். எந்த ரிஜிஸ்டரில் எந்த எண் விழுந்தால் என்ன நடக்கிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். கண் எரியும், முதுகு போகும். ஸ்விட்சை உடைத்து கேம் திருடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அது வேறு கணக்கு. நம் நாட்டில் சிப் வடிவமைப்புக்கென்றே 2000-இல் போட்ட சட்டம்கூட ஆராய்ச்சிக்காகவும் கற்பிப்பதற்காகவும் அலசிப் பார்ப்பதை மீறலாகக் கருதவில்லை.

(கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சித்தப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பழைய ரேடியோக்கள் சிலவற்றில் பின் அட்டையிலேயே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் ஆறாவது படிக்கும்போது ரெசிஸ்டர் கற்றுக்கொண்டேன். அந்தப் படத்தை யாரும் ரகசியம் என்று சொல்லவில்லை.)

கடைசியில் இங்கே புனேயில், புத்வார் பேட்டை தப்கீர் கல்லிக்குப் போனேன். பையனுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். யூஎஸ்பி மீட்டரைச் செருகினான். 5 வோல்ட், 0.4 ஆம்பியர், அதற்கு மேல் நகரவில்லை. "பீடி ஐசி கயா சார்" என்றான். ஹாட் ஏர் வைத்துப் பழைய சிப்பைத் தூக்கி, புதுசை உட்காரவைத்து, மைக்ரோஸ்கோப்பில் கால்களைச் சரிபார்த்தான். முக்கால் மணி நேரம், 1,800 ரூபாய். யாரோ எங்கேயோ கண் எரிய எழுதி வைத்த நோட்டு, அவன் போனில் படங்களாக இருந்தது.

நான் சிப் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவனுக்கு முகமே மாறியது. "சார், உங்க கம்பெனி சிப்போட டேட்டாஷீட் கிடைக்குமா?" என்று ஹிந்தியில் கேட்டான். எங்கள் பவர் சிப்புக்கு ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். முடியாது என்றேன். பரவாயில்லை சார் என்று அடுத்த போர்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

ஸ்விட்ச் ஓடுகிறது. தங்கமணிதான் இரண்டு நாளாகப் பேசவில்லை :-)