'இந்தக் கலர் உனக்கு எடுக்காது' என்று சொல்லாதீர்கள்!



ஆடை பற்றிய குறிப்புகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. 'மாநிறமாகவும் கறுப்பாகவும் இருப்பவர்கள் அழுத்தமான நிறங்களைத் தவிர்த்து, வெளிர் நிறங்களை உடுத்தினால் நிறம் சற்றுக் கூடித் தெரியும்' என்பதே அது. ஜவுளிக்கடை விற்பனையாளரிலிருந்து பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோரும் இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தும், கம்பளி நூலில் ஸ்வெட்டர், சால்வை பின்னியும் வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த யோசனை தவறு. அதோடு, பல பெண்களின் மனசை நோகடிக்கிற யோசனையும்கூட.

ஏன் தவறு என்பதை முதலில் பார்ப்போம். ஒரு நிறம் தனியாக இருக்கும்போது ஒரு மாதிரியும், பக்கத்தில் இன்னொரு நிறம் வந்தால் வேறு மாதிரியும் தெரியும். பாரிஸ் நகரில் கோபெலின் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடத்தில், சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். அங்கே கறுப்பு நூலின் சாயம் சரியில்லை, சோகையாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் சேர்த்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டின. இதை விரிவாக ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

இதை நாம் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே பழுப்பு நூலில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வெள்ளைத் துணி மீதும் மற்றதைக் கருநீலத் துணி மீதும் வையுங்கள். வெள்ளை மேல் இருப்பது கறுத்தும், கருநீலத்தின் மேல் இருப்பது வெளுத்தும் தெரியும். நம் முகமும் அப்படித்தான். வெளிர் நிறம் கட்டினால் நிறம் கூடித் தெரியும் என்பது நேர் எதிரான பேச்சு! அதற்காக வெள்ளை கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. நல்ல கறுப்பு நிறத்துப் பெண் தும்பைப் பூ மாதிரி வெள்ளைச் சேலை கட்டி வந்தால் அதன் அழகே தனி. 'நிறம் கூடித் தெரிய வேண்டும்' என்பதே நம் நோக்கமாக இருக்கக் கூடாது என்கிறேன்.

இரண்டாவது, மனசு நோகும் விஷயம். என் அக்கா மகள் நல்ல கறுப்பு; களையான முகம். பள்ளியில் படிக்கும்போது யாரோ சொன்னதிலிருந்து பிஸ்கட் கலர், சந்தனக் கலர், சாம்பல் கலர் தவிர வேறு எதையும் தொட மாட்டாள். அவள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனோம். சம்பந்தியம்மா கடைக்காரரிடம், "பொண்ணு கொஞ்சம் டல்லு, லைட் கலராவே காட்டுங்க" என்றார். நல்ல மனசுக்காரர்தான், குத்திக் காட்டும் எண்ணமெல்லாம் கிடையாது. இவளோ, "எனக்கு எதுன்னாலும் சரி சித்தி" என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். வாழ்நாள் முழுக்கப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கப் போகும் சேலை! அதில்கூட தனக்கென்று ஒரு ஆசை இருக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"சம்பந்தியம்மா, ஒரு தடவை வெளிச்சத்துல பாத்துருவோம்" என்று கேட்டு, ஒரு இளம் ரோஸ், ஒரு அரக்கு இரண்டையும் வாசலுக்கு எடுத்துப்போய் அவள் தோளில் போட்டேன். ரோஸில் முகம் வாடித் தெரிந்தது. அரக்கைப் போட்டதும் கண்ணும் பல்வரிசையும் பளிச்சென்று எழுந்து நின்றன. சம்பந்தியம்மாவே, "இதையே பில் போடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் வரவேற்புக்கு வந்த அழகுக்கலைப் பெண்ணை என்னால் தடுக்க முடியவில்லை. போட்டோவில் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்!

சரி, நிறம் பார்த்து எடுக்கவே வேண்டாமா? நிச்சயம் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் கண்ட சில வழிகளைச் சொல்கிறேன்.

கடை விளக்கை நம்பாதீர்கள். விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் சேலையும் ஜாக்கெட் துணியும் வெயிலில் தனித்தனியாகத் தெரியும். சாயங்கள் வேறு வேறாக இருந்தால் இப்படி ஆகும். எதையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கும்போது சேலையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே கருமை கூடி, முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் அந்தச் சாயல் வேண்டாம். கண்கள் தெளிவாகத் தெரிந்தால் தாராளமாக எடுக்கலாம்.

பெரும்பாலும் காலை வாரிவிடுவது, நம் தோல் நிறத்தோடு அப்படியே ஒட்டிப்போகும் நிறங்கள்தான். மாநிறத்துக்குச் சந்தனமும் இளம் பழுப்பும், சிவந்த நிறத்துக்கு வெளிர் ரோஸும் முகத்தை மங்கடித்துவிடும். ஆக, சிவப்பாக இருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

ஒரே பெயரில் பல சாயல் இருப்பதையும் மறக்க வேண்டாம். எலுமிச்சை மஞ்சள் பொருந்தாதவருக்கு மாம்பழ மஞ்சளோ கடுகு மஞ்சளோ அருமையாகப் பொருந்தும். 'மஞ்சளே எனக்கு ஆகாது' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆசைப்பட்ட சேலை முகத்துக்கு எடுக்கவில்லையா? கழுத்தருகே இருப்பது ஜாக்கெட்டும் மாராப்பும்தான். ஜாக்கெட்டை வேறு நிறத்தில் எடுப்பாகப் போட்டால் போதும். சுடிதாருக்குத் துப்பட்டாவை மாற்றினால் சரியாகிவிடும்.

கம்பளி நூல் வாங்குபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. உருண்டையாக இருக்கும்போது தெரியும் நிறம், பின்னிய பிறகு அப்படியே இருப்பதில்லை. ஒரு உருண்டை மட்டும் வாங்கி, நாலு அங்குலச் சதுரம் பின்னி, கன்னத்தருகே வைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் வேண்டிய அத்தனையையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். சுற்றியிருக்கும் தாளில் லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்பர் மாறினால் சாயமும் லேசாக மாறும். முன்பக்கம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று ஸ்வெட்டர் பல்லிளிக்கும்.

இப்போது பெண்கள், மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து, 'நீ வசந்தகாலம், நான் குளிர்காலம்' என்று பேசிக்கொள்கிறார்கள். இப்படி நான்கு பருவமாகப் பிரிக்கும் கணக்கு, கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1980-ல் எழுதிய புத்தகத்தால் பரவியது. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ள ஊருக்கு அது உதவலாம். முடியும் கண்ணும் கறுப்பாக உள்ள நம்மில் பெரும்பாலோரை அது குளிர்காலப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறது. திண்டுக்கல் வெயிலில் குளிர்காலம்! நம் வீட்டு நாலு பெண்களும் நாலு சாயலில் இருக்கும்போது இந்தக் கணக்கு எப்படிப் போதும்?

நம் நெசவாளர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பது என் எண்ணம். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் அரக்கும் மஞ்சளும் கறுப்புக் கட்டமும், மதுரைச் சுங்குடியில் அழுத்தமான நிறத்தில் பூத்திருக்கும் வெள்ளைப் புள்ளிகளும் நம் வெயிலுக்கும் நம் தோலுக்கும் எவ்வளவு இசைவாக இருக்கின்றன! சுங்குடிக்கு 2005-லும், கண்டாங்கிக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா விரும்பிக் கட்டிய நீலத்துக்கு 'எம்.எஸ். ப்ளூ' என்றே பெயர் வந்துவிட்டது. தனக்கென ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டால் நிறம் நம் பேரைச் சொல்லும். நாம் நிறத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

1975-ல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த ஒரு சிவப்பழகு க்ரீமின் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லையே 2020-ல் எடுத்துவிட்டார்கள். டப்பாவிலிருந்து போய்விட்டது, நம் வாயிலிருந்துதான் இன்னும் போகவில்லை. பெரும்பாலும் அம்மா, அத்தை, சித்தி என்று நாம்தானே முதலில் சொல்கிறோம்? அதனால் மாற்றமும் நம்மிடமிருந்தே தொடங்கட்டும். அடுத்த முறை மகளையோ மருமகளையோ கடைக்குக் கூட்டிப் போகும்போது, "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று முதலில் கேளுங்கள். அப்புறம் வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். மற்றதை அவள் முகமே சொல்லிவிடும்.

என்ன, நான் சொல்வது சரிதானே தோழிகளே?

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்.