கரணை பிடித்தவனுக்குக் காகிதம் இல்லை!

கோட்டை கட்டியவன் கொத்தன். கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்டவன் மன்னன். அது அந்தக் காலம். இந்தக் காலத்தில்? பாலம் கட்டுகிறவர் கொத்தனார். பலகையில் ஏறுவது காண்டிராக்டர் பெயர். மன்னன் போனான், மரபு போகவில்லை!

"அந்தக் கொத்தனாரே காண்டிராக்டர் ஆகிவிட வேண்டியதுதானே? யார் தடுத்தார்கள்?" என்று கேட்பார்கள், சட்டை கசங்காத வித்தகர்கள். தடுத்தது ஆள் அல்ல, தோழர்களே, ஒரு கட்டுக் காகிதம்!

அரசாங்கக் கட்டட வேலையை எடுத்துச் செய்யப் பொதுப்பணித் துறையில் ஒப்பந்தக்காரராகப் பதிவு பெற வேண்டும். பதிவிலே வகுப்புகள் உண்டு. எந்த வகுப்போ, அதற்குரிய தொகை வரையில்தான் டெண்டர் போடலாம். பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறப் படிப்பு வேண்டும். இங்கே வகுப்பு ஏறச் சொத்து வேண்டும்! சொத்து மதிப்புச் சான்றிதழ் கொண்டுவா என்பர். அதைக் கேட்டுத் தாசில்தார் அலுவலகம் போனால், பத்திரம் எங்கே, பட்டா எங்கே என்பர். ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டு வாடகை வீட்டில் குடியிருப்பவர் எந்தப் பட்டாவை நீட்டுவார்?

அடுத்த கேள்வி, "முன்பு செய்த வேலைக்குச் சான்று எங்கே?" இருபது ஆண்டு சாரத்தில் நின்றவர், தூக்குக்குண்டு விட்டால் நூலிழை பிசகாதவர். ஆனால் சான்று, வேலையை எடுத்தவர் பெயரில் இருக்கும். செய்தவர் பெயரில் இருக்காது! பிறகு ஜி.எஸ்.டி. பதிவு, டெண்டருக்கு வைப்புத் தொகை, பில் பாஸாகும் வரையில் கூலி கொடுக்கக் கைமுதல். 1998-ல் வந்த ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் டெண்டர் பெட்டியை வெளிச்சத்தில் வைத்தது, வரவேற்கிறோம். பெட்டி வெளிச்சத்தில் இருக்கிறது. அதை எட்டும் படிக்கட்டுத்தான் ஏழைக்கு இல்லை.

விளைவு என்ன? பதிவு ஒருவரிடம், வேலை வேறொருவரிடம்! பெயர் கொடுத்தவர் ஒரு பங்கு, உள்காண்டிராக்ட் எடுத்தவர் ஒரு பங்கு என்று போனபின் எஞ்சுவதுதான் கலவைக்கும் கூலிக்கும். கலவையும் இளைக்கிறது, கூலியும் இளைக்கிறது.

"அப்படியானால் பதிவே வேண்டாம் என்கிறாயா?" இல்லை! 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 உயிர்கள் மாண்டன. பிழைப்புத் தேடி ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் அதில் புதைந்தார்கள். திட்ட அனுமதி பெற்ற கட்டடந்தான் அது! ஆகவே கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அது பணப்பையை எடைபோடும் கட்டுப்பாடாக மட்டும் இருந்தால் போதாது. கைத்திறனையும் பொறுப்பையும் எடைபோட வேண்டும்.

முடியுமா என்பார்க்கு, முடித்துக் காட்டியவர்களைச் சொல்கிறேன். 1925. அன்றைய சென்னை மாகாணத்து மலபாரில், வடகரைக்கு அருகே ஊராளுங்கல். சாதிக் கொடுமையைச் சாடிய வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்தார்கள் என்பதற்காக, நிலக்கிழார்கள் உழைப்பாளிகளுக்கு வேலை மறுத்தனர். அவர்கள் கெஞ்சவில்லை, கூடினார்கள். 14 பேர் சேர்ந்து கூலி வேலைக்காரர் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். தனி ஆளிடம் சொத்து இல்லை. சங்கத்திடம் நாணயம் இருந்தது. அந்தச் சங்கந்தான் பின்னாளில் காசர்கோட்டுப் பக்கம் தலப்பாடி முதல் செங்களை வரை ஆறுவழித் தேசிய நெடுஞ்சாலைப் பணியை ஏற்றது! உழைப்பவனுக்கு ஒப்பந்தம் எடுக்கத் தெரியாது என்றவர்கள் அந்தச் சாலையில் ஒருமுறை போய்வரட்டும்.

நாம் கேட்பது சலுகை அல்ல. 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலே உறுப்பினர் பதிவு இருக்கிறது. அந்த அட்டையோடு, எந்த வேலையில் எவ்வளவு காலம் நின்றார் என்பதைப் பொறியாளர் ஒப்பமிட்டுப் பதியட்டும். அதுவே அனுபவச் சான்றாகட்டும். தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்து வந்தால், சொத்துச் சான்றுக்கு ஈடாகக் கூட்டுப் பொறுப்பை ஏற்கட்டும். தேர்வு வேண்டுமா? வையுங்கள், தமிழில் வையுங்கள், செங்கல்லும் ரசமட்டமும் கையில் கொடுத்து வையுங்கள்!

தோழர்களே, மாலையில் கரணையைக் கழுவி வைத்ததும், கூட வேலை செய்யும் பத்துப் பேரிடம் இதைப் பேசுங்கள். ஊராளுங்கலில் கூடியவர்கள் பதினான்கே பேர். கட்டியவன் கை, கையெழுத்தும் போடட்டும்!